காது தெரிய வேண்டும்

அன்று சாந்தா இனெஸ் கோயிலின் சக்ரீஸ்தில், பூசைச் சாமான்கள் வைக்கும் பக்க அறையில், கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில் அந்த ஆண்டின் திருவிழாத் தலைவர் தோன் எலாதியோ, தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு. அவருக்கு வலப்பக்கம், பூசை உடைகள் இருக்கும் அலமாரியை ஒட்டிய பெஞ்சில் தோன்யா தொமித்திலா. சிலுவை சுமந்த நாதரின் மரச் சுரூபத்துக்கு உடை மாற்றும் உரிமை அவருடையது. அந்தப் பெஞ்சைத் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இடப்பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் பிதென்சியோ, கால்மேல் கால் போட்டபடி. கதவோரம் பங்குச்சாமி அன்செல்மோ. அவருக்கு அடுத்த ஊரில் பூசை இருந்தது. மேசையின் கால்மாட்டில், எல்லோரும் நேராகப் பார்க்கும்படி போட்டிருந்த ஒற்றை நாற்காலியில் செனோபியா.

அந்த இடம் அவளுக்குப் பழக்கமில்லை. அவள் வாழ்க்கையில் இதுவரை மற்றவர்கள்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் எதிரே நின்று, முகவாயை இறக்கு, தோளை நேராக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் கேட்க வந்தது இதுதான். நாதரை, அங்கியும் முள்முடியும் தலைமுடியும் இல்லாமல், நான்கு பக்கமும் படம் எடுக்க அனுமதி வேண்டும். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று கேட்க வேண்டியதைக் காகிதத்திலும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தோன் எலாதியோ அந்தக் காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

எதற்கு இந்தப் படம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

செனோபியா பிதென்சியோவின் ஸ்டூடியோவில் பதினைந்து வருடமாக அடையாளப் படம் எடுக்கிறாள். அந்த அளவுக்குக் குழந்தை அளவு என்று பெயர். ஓய்வூதியம் வாங்கப் போகிற கிழவருக்கும் அதே பெயர்தான். பட்டச் சான்றிதழுக்கு நீள்வட்டப் படம், கறுப்பு வெள்ளை, மங்கலான தாள், டச்சப் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம் ஒன்று: நெற்றி தெரிய வேண்டும், காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் பலனாக ஊரில் உள்ள அத்தனை பேரின் காதுகளும் அவளுக்குத் தெரியும். தெருவில் முன்னால் போகிறவரைப் பின்னாலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

பிதென்சியோவின் மூத்த மகளுக்கு ஞானத்தாய் அவள். அந்த உறவு வந்த நாளிலிருந்து அவர் அவளைக் கொமாத்ரே என்றும் நீங்க என்றும்தான் பேசுவார். தரையைப் பெருக்கச் சொல்லும்போதும் நீங்கதான்.

குழந்தை அளவிலேயே காலம் போய்விடுமோ என்ற கவலை அவளுக்கு முப்பது வயதில் வந்தது. படம் எடுக்கிற தொழிலில் இன்னும் எத்தனையோ வழிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டாள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஒன்றில் இறங்குவதற்கு முன் அதற்கு என்ன வேண்டும் என்று விசாரித்துத் தயார் செய்துகொள்வாள்.

முதலில் கல்யாணம். பிதென்சியோவுக்குக் காய்ச்சல் வந்த சனிக்கிழமை அது வாய்த்தது. கல்யாணத்துக்கு இரண்டு காமிரா வேண்டும், ஒன்று கெட்டால் மற்றொன்று. மணமக்களின் முதல் ஆட்டம், பெற்றோரோடு ஆட்டம், கேக் வெட்டு எது எதற்குப் பின் எது என்று மனப்பாடமாக இருக்க வேண்டும். கல்யாணச் செலவை ஆளுக்கொன்றாக ஏற்கும் ஞானப்பெற்றோர் அத்தனை பேரின் முகமும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். கேக்குக்கு ஒரு ஞானத்தந்தை, மோதிரத்துக்கு ஒருவர், பாட்டுக்காரர்களுக்கு ஒருவர் என்று அது ஒரு படை. எல்லாவற்றையும் அவள் கற்றுக்கொண்டு போனாள். ஒருவரையும் விடவில்லை. கூந்தலை ஒதுக்கச் சொன்னாள், கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள், நேரே பார்க்கச் சொன்னாள். மணமகனும் மணமகளும் கேக்கை வெட்டும்போது கேக்கைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்கள், சிரிக்காமல். மணமகளின் தாய் ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். பிறகு, “எம் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டாளா, டிரைவிங் லைசென்ஸ் வாங்கினாளா?” என்று கேட்டார்.

அடுத்தது பத்திரிகை. அதற்கு நல்ல பூட்ஸ் வேண்டும், தீயணைப்புக்காரர்களோடு சிநேகம் வேண்டும், கூச்சம் இருக்கக் கூடாது. பூட்ஸ் வாங்கினாள். நெடுஞ்சாலையில் வெங்காய லாரி கவிழ்ந்தபோது எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். ஓட்டுநர் சாலையோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தொப்பியைக் கழற்றி நிமிர்ந்து உட்காரச் சொல்லி எடுத்தாள். பின்னால் கசகசவென்று எதுவும் வேண்டாம் என்று லாரியை விட்டுச் சற்றுத் தள்ளியும் உட்காரச் சொன்னாள். ஆசிரியர் படத்தைப் பார்த்து, படம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது, விபத்து நடந்ததுதான் தெரியவில்லை என்றார்.

பிறகு மாட்டுக் கண்காட்சி. காளை வளர்ப்பவர்கள் நல்ல படத்துக்கு ஏங்குகிறார்கள். அதற்குக் காளையின் நான்கு காலும் சதுரமாக நிற்கும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும், தரையில் படுத்துக் கீழிருந்து எடுக்க வேண்டும், அப்போதுதான் மாடு மலைபோல் வரும். பொறுமை அவளிடம் இருந்தது. படுப்பது பொய் சொல்வதுபோல் தோன்றியதால் நின்றபடியே எடுத்தாள். காளை எந்த அளவில் இருந்ததோ அந்த அளவில் வந்தது. வாங்க வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு மாட்டைப் பார்க்காமலே போய்விட்டார்.

இந்த நிலையில்தான் புவெப்லா நகரத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்து கோயில் கதவில் ஒட்டப்பட்டது. கோயில்களில் இருக்கும் சுரூபங்களையும் பீடங்களையும் படமெடுத்துப் பதிவு செய்யும் நிலையம் ஒன்று, ஒரு வருடம் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்து, பிறகு வேலையிலும் வைத்துக்கொள்ளும். ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. காமிரா மட்டமாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமான வெளிச்சம். பின்னால் எதுவும் இருக்கக் கூடாது. அழகுபடுத்தக் கூடாது. பொருள் எப்படி இருக்கிறதோ அப்படி. செனோபியா கதவருகே நின்று அதை இரண்டு முறை படித்தாள். அவளைத் திட்டுவதற்கு ஊரார் சொன்ன காரணங்கள் எல்லாம் அங்கே தகுதிகளாக அச்சாகியிருந்தன.

விண்ணப்பத்துக்குத் தேவை: ஒரே பொருளின் படங்கள், எல்லாப் பக்கமும், மூடியது எதுவும் இல்லாமல், அந்தப் பொருளைக் காப்பவரின் ஒப்பமிட்ட அனுமதி, இதுவரை என்ன வகைப் படங்கள் எடுத்தாய், எதை ஏன் விட்டாய் என்று ஒரு கடிதம். மாதக் கடைசிக்குள் தபாலில் சேர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் உறையைத் திறந்த கையோடு மூடிவிடுவார்களாம். அடுத்த வருடம் கேட்கலாமே என்று வழியில்லை. வயது வரம்பை அவள் அந்த வருடம்தான் தொடுகிறாள்.

இரண்டு வாரம் வீட்டில் சர்க்கரைக் கிண்ணத்தையும் அம்மாவின் தையல் இயந்திரத்தையும் எடுத்துப் பழகினாள். பிறகுதான் சக்ரீஸ்துக்கு வந்தாள்.

“முறையா இது?” என்றார் தோன் எலாதியோ. “நாதர அப்படி யாரும் பாத்ததில்ல.”

பிதென்சியோ தன் அபிப்பிராயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார். திருவிழாவுக்கு விற்கும் நாதர் படம் அவர் எடுத்தது, பூ அலங்காரத்தோடு, பின்னால் மேகம் வைத்து. அதைவிட நல்ல படம் எதற்கு? அதோடு பள்ளிக்கூட முடிவு மாதம், பட்டப் படம் குவிகிற நேரம், கொமாத்ரே புவெப்லாவுக்குப் போனால் வாடிக்கையாளர் என்ன ஆவார்கள்? பங்குச்சாமி குறுக்கிட்டு, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் போன வருடம் திருடு போன புனித அருளப்பர் சுரூபத்தைப் பற்றிச் சொன்னார். போலீசார் படம் கேட்டபோது ஊரில் இருந்த படங்களில் எல்லாம் அருளப்பர் மூக்குவரை பூவில் புதைந்திருந்தாராம். இதைச் சொல்லிவிட்டு எழுந்து பூசைக்குப் போய்விட்டார்.

தோன் எலாதியோ தொமித்திலாவைப் பார்த்தார். சட்டப்படி தலைவர் அவர்தான் என்றாலும், தலைவர் வருடத்துக்கு வருடம் மாறுவார், தொமித்திலா மாறமாட்டார்.

“நான்தான் கழட்டுவேன். ஆம்பளைங்க வெளிய நிக்கணும்,” என்றார் தொமித்திலா. அதோடு கூட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை காலை கோயில் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். செனோபியா ஸ்டாண்டை மட்டம் பார்த்து நிறுத்தி, இரண்டு விளக்கையும் நூல் பிடித்து ஒரே தூரத்தில் வைத்தாள். தொமித்திலா முள்முடியை எடுத்தார். ஊதா அங்கியை அவிழ்த்து மடித்தார். பிறகு தலைமுடி. அது ஊர்ப் பெண்கள் நேர்ந்துகொண்டு கொடுத்த நிஜ முடி, இடுப்புவரை தொங்கும். தவக்காலத்தில் ஊரே வரிசையில் நின்று, பீடத்துப் படியேறி, அந்த முடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து நாதரின் வலக்காதில் தங்கள் வேண்டுதலைச் சொல்லிவிட்டு இறங்கும். முடியைத் தொடக்கூடாது. அது தொமித்திலாவின் உரிமை.

செனோபியாவும் சொல்லியிருக்கிறாள். இந்த வருடம் புவெப்லா விஷயத்தை, நிலையத்தின் முழு முகவரியோடு.

முடியை இரண்டு கையாலும் ஏந்தித் துணியில் கிடத்தினார் தொமித்திலா. செனோபியா காமிராவுக்குள் பார்த்தபடி பழக்கத்தில் சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம் ஒதுக்குங்க தோன்யா. காது தெரியணும்.”

“ஒதுக்கியாச்சு.”

“காதக் காணோமே.”

“காணோம்னா இருந்து போயிடுச்சுன்னு அர்த்தம். இது எப்பவுமே இல்ல.”

செனோபியா நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்திலிருந்து பின்தலைவரை வழவழவென்று மரம். இரண்டு பக்கமும் அப்படியே. செதுக்கியவர், எப்படியும் முடி மூடப்போகிறது என்று விட்டிருக்கிறார்.

“ஊரே வந்து அங்கதான சொல்லிட்டுப் போகுது?”

“தெரியும். அதான் நான் எப்பவும் சத்தமா வேண்டிக்கறது.”

தொமித்திலாவின் குரல் பூசை நேரத்தில் சந்தைவரை கேட்கும் என்பது ஊரறிந்த குறை. அதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. செனோபியா முன்பக்கம், இடம், வலம், பின்புறம் என்று வரிசையாக எடுத்தாள். நாதர் அசையவில்லை, சிரிக்கவில்லை, நெற்றி நன்றாகத் தெரிந்தது. அவள் எடுத்ததிலேயே சிறந்த படங்கள் அவை.

படத்தை அச்சிட ஊரில் ஒரே இயந்திரம்தான், அது பிதென்சியோவுடையது. அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அவர் கணினியில் படங்களைப் பார்த்துவிட்டார். அவள் திரும்பி வந்தபோது முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். தன் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாக இருந்தபோது அந்த வலக்காதில் தான் செய்த சத்தியங்களை எல்லாம் சொன்னார். இனி குடியைத் தொடமாட்டேன் என்று சொன்னது உட்பட. அதைப் பதினோரு வருடமாகக் காப்பாற்றியும் வருகிறார்.

மறுநாள் காலை அச்சான படங்கள் அவள் மேசையில் அட்டைக்குள் இருந்தன. நாதருக்கு இரண்டு காது இருந்தது.

“பட்டப் படத்துக்கு எத்தனை பேருக்கு முடி வெச்சிருக்கோம், தழும்ப எடுத்திருக்கோம்,” என்றார் பிதென்சியோ. “இதுவும் டச்சப்தான் கொமாத்ரே. தோன் எலாதியோகிட்டயும் சொல்லிட்டேன். சாயந்திரம் வரச் சொன்னாரு.”

தாராளமான மனதோடுதான் செய்திருந்தார். வேலையும் சுத்தம், ஒட்டியது தெரியவே இல்லை.

அன்று மாலை அதே சக்ரீஸ்தில் அதே மேசை. பங்குச்சாமி மட்டும் வரவில்லை. செனோபியா உண்மைப் படங்களையும் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். தோன் எலாதியோ முதலில் அவற்றில் ஒன்றைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். பிறகு டச்சப் செய்ததை எடுத்துக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

“இது நல்லா இருக்கு. பாந்தமா இருக்கு. நாதருக்குன்னே அமைஞ்ச காது. இத அனுப்பு.”

செனோபியா அந்தக் காதை வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்மடிப்பு தட்டையாக, கீழ்மடல் ஒட்டினாற்போல, இடக்காது ஒரு நூல் இறங்கி. சொல்லாமல் விட்டிருந்தால் அன்று மாலையே உறையில் போட்டு, ஊர் ஆசியோடு அனுப்பியிருக்கலாம். புவெப்லாவில் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்த நிலையத்துக்கு அவள் வேறு எதற்காகப் போக நினைத்தாள் என்று தனக்குள் ஒரு முறை கேட்டுப் பார்த்தாள்.

“அது உங்க காது, தோன் எலாதியோ,” என்றாள்.

தொமித்திலா பெஞ்சிலிருந்து உடம்பைச் சாய்த்துத் தலைவரின் தலையை ஒரு பக்கம் பார்த்தார். எழுந்து போய் மறுபக்கமும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஆமா,” என்றார்.

பிதென்சியோ கூரையைப் பார்த்தார். போன மாதம் தோன் எலாதியோ வாக்காளர் அட்டைக்கு எடுத்த படம் கணினியில் மேலாக இருந்ததாம். காது காதுதானே என்று எடுத்துவிட்டாராம்.

தோன் எலாதியோ தன் வலக்காதைத் தொட்டுப் பார்த்தார். திருவிழாத் தலைவர் ஆனதிலிருந்தே அவருக்கு நிம்மதி கிடையாது. பட்டாசு யாருக்கு, பாட்டுக்காரர் எங்கிருந்து, சமையலுக்கு யார் வீட்டு அண்டா என்று காலை எழுந்தது முதல் ஊர் அவர் காதில்தான் பேசிக்கொண்டிருந்தது. இனி ஆறு மாதம் போனால் இறக்கி வைத்துவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்.

“தவக்காலத்துக்கு அத்தன பேரும் வந்து என் காதுலயா…” என்று தொடங்கி, முடிக்காமல் படத்தை இரண்டாகக் கிழித்தார். கிழித்த துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியவில்லை. நாதரின் முகத்தைக் குப்பையில் போட முடியாது. கடைசியில் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

ஆனால் உண்மைப் படத்தையும் அனுப்பக் கூடாது என்றார். ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறது. செனோபியா வாதாடவில்லை. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் வரிசையாகச் சொன்னாள்: படங்கள் குறையும், விண்ணப்பம் விழும், அவள் இங்கேயே இருப்பாள். பிதென்சியோவுக்கு அது பிடித்த முடிவு. அவர் வாயைத் திறக்காமல் இருந்ததே பெரிய மரியாதை.

பேசியது தொமித்திலாதான். தலைவரைப் பார்த்து, பூசைக் குரலில் இல்லை, மெதுவாக.

“நாளைக்கு எவனாவது நாதரத் தூக்கிட்டுப் போறான்னு வை. அதே மாதிரி ஒண்ணு செஞ்சு, அங்கியும் முடியும் மாட்டி, பீடத்துல வெச்சிட்டுப் போறான். செய்யறவன் காது வெச்சுத்தான் செய்வான். அவனுக்கு என்ன தெரியும்? நீயும் மண்டி போடுவ, நானும் மண்டி போடுவேன். எனக்கு முன்னாடி எங்கம்மாதான் உடை மாத்துனா, அவ செத்தப்ப எனக்குத் தெரிஞ்சிருந்தது. நான் செத்தா யாருக்குத் தெரியும்? அந்தப் புவெப்லாக்காரங்க பெட்டிக்குள்ள எங்கயோ ஒரு எடத்துல எழுதி இருக்கட்டும், சாந்தா இனெஸ் நாதருக்குக் காது கெடையாதுன்னு.”

தோன் எலாதியோ கவிழ்த்து வைத்த படத்தைத் திருப்பினார். இந்த முறை அதிக நேரம் பார்த்தார்.

“ஊருக்குத் தெரியக் கூடாது,” என்றார்.

“ஊருக்கு எதுக்கு? இங்க நாம நாலு பேரு. இந்தாளு மட்டுந்தான் வாயத் தொறப்பாரு,” என்று தொமித்திலா பிதென்சியோவைக் காட்டினார்.

பிதென்சியோ, தான் பதினோரு வருடமாக ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, வாயைக் கட்ட முடியாதா என்றார். பிறகு செனோபியாவின் பக்கம் திரும்பாமலே, “பட்டப் படம் முடியற வரைக்குமாவது இருப்பீங்களா கொமாத்ரே?” என்று கேட்டார். இருப்பேன் என்றாள். அவளை எடுத்துக்கொண்டாலும் பயிற்சி அறுவடைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவருடைய இரண்டாவது மகளுக்குக் காமிராவை மட்டம் பார்க்கச் சொல்லித் தருவதாகவும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருக்கிறாளே என்றார் அவர். காமிராவுக்குப் பின்னால் நிற்பவர் சிரிக்கலாம், அதற்குத் தடையில்லை என்றாள் செனோபியா.

தோன் எலாதியோ ஒரு நிபந்தனை வைத்தார். உறையைத் தன் கண்முன்னால் ஒட்ட வேண்டும்.

செனோபியா கடிதத்தை எடுத்தாள். முன்பே எழுதி வைத்திருந்தாள். கல்யாணப் படம் விட்டதற்குக் காரணம்: எல்லோரையும் தெளிவாக எடுத்துவிட்டேன். பத்திரிகை: விபத்தை எடுக்கத் தவறினேன். காளை: அளவு மாற்ற மனம் வரவில்லை. கடைசியில் ஓர் இடம் காலியாக விட்டிருந்தாள். அங்கே இப்போது எழுதினாள்: இணைத்துள்ள படங்களில் டச்சப் எதுவும் இல்லை. படத்தில் எது இல்லையோ அது பொருளிலும் இல்லை.

தொமித்திலா அனுமதித் தாளில், ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஒப்பமிட்டார். படங்களுக்கு முன்னும் பின்னும் அட்டை வைத்தாள் செனோபியா. கடிதத்தை மூன்றாக மடித்தாள். பிதென்சியோ பசைக் குப்பியைத் திறந்து நீட்டினார். உறையின் வாயை ஒட்டி, ஓரம்வரை விரலால் நீவிவிட்டதும், தோன் எலாதியோ அதன் மேல் திருவிழாக் குழுவின் முத்திரையை அழுத்தினார். முதல் முறை மை பிடிக்கவில்லை. இரண்டாம் முறை பிடித்தது.

மறுநாள் காலை அவள் பக்கத்து நகரமான ஹுவாமந்த்லாவின் தபால் நிலையத்துக்கு முதல் வேனில் போனாள். கவுன்டரில் இருந்தவர் உறையைக் கையில் எடை பார்த்தார்.

“உள்ள என்ன?”

“படம்.”

“மடங்குமா?”

“மடங்காது. அட்டை வெச்சிருக்கேன்.”

அவர் பதிவுச் சீட்டை ஒட்டி, ஓங்கி ஒரு முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமல் பின்னாலிருந்த புவெப்லா சாக்குக்குள் போட்டார்.